இருபத்தொன்பது தானங்களும் ஓர் ஒன்றும்





தசலட்சண பர்வ நாட்களில் கொங்கு நாட்டில் வாழும் நம் குடும்பங்களைக் கண்டு அளவளாவும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் உள்ள கிணத்துக்கடவில், அன்பர் ஒருவரின் இல்லத்தில் மாலையில் கூடினோம். பொன்மலை எதிரே தெரிய, தக்காளிச் சந்தைக்குச் செல்லும் வண்டிகளின் ஓசை அடங்கிய நேரம். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பணியின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய சில குடும்பத்தினரே அங்கிருந்தோர். எண்ணிப் பார்த்தால் இருபது பேருக்கு மேல் இல்லை.

அவ்வில்லத்துப் பெரியவர் முதலில் ஒரு கவலையை வெளியிட்டார். "ஐயா, நம்மவர் எண்ணிக்கை நாளுக்கு நாள் சுருங்குகிறதே! ஊரில் கோயில் இருக்கிறது. விளக்கேற்ற ஆள் இல்லை. நாம் இத்தனை சிலராகிவிட்ட பிறகு அறம் எங்ஙனம் நிலைக்கும்?" என்றார். அவர் கவலை பொய்யன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகம் முழுவதிலும் உள்ள சமணர், வடபுலத்திலிருந்து வந்து வாழ்வோரையும் சேர்த்தே, 90 ஆயிரத்தை எட்டவில்லை.

அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் பயிலும் அவருடைய பேரன் எழுந்தான். "ஐயா, தாத்தா நாம் சிலர் என்கிறார். ஆனால் கோம்மடசாரத்தில் மனிதர்களின் எண்ணிக்கை இருபத்தொன்பது இலக்கம் கொண்டது என்று படித்தேன். 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. 800 கோடி என்பது பத்து இலக்கந்தானே? அப்படியாயின் நூல் கூறுவது பிழையா?" என்று வினவினான். அவையில் சிலர் அவனை அமரச் சொல்லிக் கை காட்டினர். நாம் அவர்களைத் தடுத்தோம். ஐயம் எழுப்புவோனை அடக்குவது நம் மரபன்று. கௌதம கணதரர் பகவானிடம் வினவியதனாலன்றோ நமக்கு ஆகமம் கிடைத்தது!

அன்று அந்த இளைஞனுக்கு நாம் கூறிய விடையே இக்கட்டுரை. முதலில் அந்த எண்ணைக் காண்போம்.

79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336

கோடி கோடி சேர்ந்தது கோடாகோடி. கோடாகோடியைக் கோடாகோடியால் பெருக்கி வரும் தொகையில் ஏழுக்கு மேல், எட்டுக்குச் சற்றுக் குறைவு, இவ்வெண். பர்யாப்த மனிதர்களின், அதாவது உடல் உறுப்பாற்றல்கள் நிறைவுற்ற மனிதர்களின் தொகையாக இதனை ஆசாரியர்கள் கூறினர். இதனை அவர்கள் எட்டிய வழி மிக எளியது. இரண்டை எடுத்துக்கொள்க. அதனை அதனாலேயே பெருக்க 4. இது முதல் வர்க்கம். நான்கை நான்கால் பெருக்க 16, இரண்டாம் வர்க்கம். பின்னர் 256, அதன்பின் 65,536. இந்நான்காம் வர்க்கத்தை 65 எனத் தொடங்குவதால் பண்ணட்டி என்பர். ஐந்தாம் வர்க்கம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இது 42 எனத் தொடங்குவதால் பாதால் எனப் பெயர் பெற்றது. ஆறாம் வர்க்கம் இருபது இலக்கம் உடையது.

சுவேதாம்பர மரபினர் போற்றும் அநுயோகத்வார சூத்திரம், ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது இவ்வெண் என்றும், இதனைத் தொண்ணூற்றாறு முறை பாதியாக்கலாம் என்றும் கூறுகிறது. நம் திகம்பர மரபில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி பத்தாம் நூற்றாண்டில் இயற்றிய கோம்மடசாரம், ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்று கூறுகிறது. ஆறாம் வர்க்கம் என்பது ஐந்தாவதை அதனாலேயே பெருக்கியது, அதனை மீண்டும் ஐந்தாவதால் பெருக்கினால் மும்முறை பெருக்கியதாகும், அதுவே கனம். சொல் வேறு; பொருள் ஒன்று. இரு மரபினரும் எத்தனையோ செய்திகளில் வேறுபட்டிருக்க, இருபத்தொன்பது இலக்கங்களுள் ஒன்றிலும் வேறுபடவில்லை என்பது எண்ணி மகிழத்தக்கது.

கோம்மடசார ஆசாரியர் இன்னொரு நன்மையும் செய்தார். எழுத்துக்கு ஓர் இலக்கம் என்னும் முறையில், இருபத்தொன்பது எழுத்துகளால் இவ்வெண்ணை ஒரு காதையில் அமைத்தார். முதல் எழுத்து ஒன்றின் தானத்து 6. இறுதி எழுத்து தலைத் தானத்து 7. ஓலையில் எண்ணை எழுதினால், பெயர்த்தெழுதுவோன் ஒரு சுழியை விடுவான். ஓர் இலக்கத்தை மாற்றுவான். செய்யுளில் ஓர் எழுத்து பிழைத்தால் ஓசை கெடும். ஓதுவோன் செவி உடனே அறியும். ஆயிரம் ஆண்டு கடந்தும் அவ்வெழுத்துகள் நமக்கு அதே எண்ணைத் தருகின்றன.

"தம்பி, நூல் பிழையா என்று கேட்டாய். பிழையா என்பதைப் பார்ப்பதற்கு உன் கையில் ஏடும் எழுதுகோலும் உள்ளனவே" என்றோம். அவன் கணிப்பொறியை நாடாமல் ஏட்டிலேயே பெருக்கினான். அரைமணி நேரம் சென்றது. அவன் கண்ட விடை நூலில் உள்ளதனோடு பொருந்தவில்லை. "நூல்தான் தவறு" என்று முகம் மலர்ந்தான். "ஒன்பதால் சோதித்துப் பார்" என்றோம்.

அச்சோதனை நம் முன்னோர் அறிந்தது. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியே, அவ்வெண்ணை ஒன்பதால் வகுத்தாலும் வரும். ஐந்தாம் வர்க்கத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 58, மீதி 4. ஆறாம் வர்க்கத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 88, மீதி 7. நான்கையும் ஏழையும் பெருக்க 28, மீதி 1. ஆகவே சரியான விடையின் மீதி 1 ஆதல் வேண்டும். ஆசாரியர் தந்த இருபத்தொன்பது இலக்கங்களின் கூட்டுத்தொகை 127. அதன் மீதி 1. இளைஞன் கண்ட விடையிலோ மீதி 4 வந்தது. அவன் ஒன்றும் பேசாமல் மீண்டும் அமர்ந்து, ஓரிடத்தில் மேலே ஏற்ற வேண்டிய இலக்கத்தை விட்டிருந்ததைத் தானே கண்டுபிடித்தான். இம்முறை இருபத்தொன்பதும் பொருந்தின.

பெருக்கல் பொருந்தியது, ஆனால் அவனது வினா இன்னும் நின்றது. இப்புவியின் நிலமும் கடலும் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 51 கோடி சதுர கிலோமீட்டர். அதில் இத்தனை மனிதரை நிறுத்தினால் ஒரு சதுர மீட்டரில் 150 லட்சம் கோடிக்கு மேற்பட்டோர் நிற்க வேண்டும். இயலாத செயல். நூல் இதனை அறியாததன்று. ஆகமம் கூறும் மனித உலகம் நாம் வாழும் இவ்விடம் மட்டுமன்று. ஜம்பூத்வீபம், தாதகீகண்டம், புஷ்கரத்தின் பாதி என இரண்டரைத் தீவுகளில், 45 லட்சம் யோசனை விரிவில் அமைந்தது. பரத க்ஷேத்திரம் அதில் ஒரு சிறு கூறு. அவ்வனைத்திற்கும் உரிய தொகை இது. அப்பகுதிகளை இன்றைய நில வரைபடத்தில் காட்ட நம்மால் இயலாது. இயலும் என்று அந்த இளைஞனிடம் கூறவும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கு கண்டு எண்ணியது. ஆகமக் கணக்கு உயிர்த்தொகுதிகளை ஒன்றனோடொன்று ஒப்பிடுவதற்காக வகுத்தது. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளந்து, ஒன்றைப் பொய் என்பதும் மற்றொன்றைக் குறை என்பதும் அநேகாந்தம் கற்றவர்க்கு அழகன்று. நம் பிள்ளைகளுக்கு அறிந்ததை அறிந்தது என்றும், நம்புவதை நம்புவது என்றும் பிரித்துச் சொல்வோமாயின், அவர்கள் வளர்ந்தபின் இரண்டையும் ஒருங்கே எறிந்துவிட்டுச் செல்லார்.

இனி, ஆசாரியர்கள் இவ்வெண்ணை எதற்காகக் கூறினர் என்பதைக் காண்போம். மனிதர் மிகப் பலர் என்று வியப்பதற்காக அன்று. மிகச் சிலர் என்று உணர்த்துவதற்காகவே!

நம் நூல்கள் எண்களைச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூவகைப்படுத்தும். எண்ணி முடிப்பது சங்கியாதம். எண்ணுக்கு அடங்காதது அசங்கியாதம். முடிவே இல்லாதது அனந்தம். பர்யாப்த மனிதர் தொகை இருபத்தொன்பது தானம் பரந்தும், எண்ணி முடிக்கக்கூடிய சங்கியாதமே. நாரகரும் தேவரும் அசங்கியாதர். நிகோத உயிர்களோ அனந்தானந்தம். முடிவற்றதன் முன் இருபத்தொன்பது இலக்க எண்ணும் ஒன்றே, ஒன்று என்னும் எண்ணும் ஒன்றே. இரண்டும் அதனைக் குறைப்பதில்லை, கூட்டுவதும் இல்லை. அத்துணை உயிர்க்கடலில் எண்ணத்தக்க சிலருள் ஒருவராக நாம் பிறந்துள்ளோம். "நாம் சிலராகிவிட்டோம்" என்று வருந்திய பெரியவரே! மனிதராகப் பிறந்த அன்றே நாம் சிலர்தாம். சிலர் என்பது இழிவன்று. கிடைத்தற்கரியது என்பதற்கு அது மற்றொரு பெயர்.

இரண்டாவதாக, பாதியாக்கும் பண்பைக் காண்க. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சுமோ, அதற்கு அர்த்தச்சேதம் என்று பெயர். 816ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தவளா உரையில் வீரசேன ஆசாரியர் இதனை விரிவாகக் கையாள்கிறார். இரு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும். ஐந்தாம் வர்க்கத்திற்கு 32, ஆறாம் வர்க்கத்திற்கு 64. ஆகவே நம் எண்ணிற்கு 96. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் இக்கருத்து, ஐரோப்பாவில் ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் வெளியிட்ட மடக்கை முறைக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு முற்பட்டது.

இதில் ஒரு பேருண்மை பொதிந்துள்ளது. ஒருவன் நொடிக்கு ஒன்றாக இவ்வெண்ணை எண்ணத் தொடங்கினான் என்று கொள்வோம். இன்றைய அறிவியலார் பேரண்டத்தின் வயதை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பர். அத்தகைய காலம் 18 ஆயிரம் கோடி முறை கழிந்தாலும் அவன் எண்ணி முடியான். ஆனால் நொடிக்கு ஒரு முறையாகப் பாதியாக்கி வந்தானாயின், ஒன்றரை நிமிடம் சற்றுக் கடந்ததும் ஒன்றில் வந்து நிற்பான். ஒவ்வொன்றாக எண்ணுபவனுக்கு முடிவில்லை. பாதியாக்குபவனுக்குத் தொண்ணூற்றாறே படிகள்.

நம் வினைக்குவியலை நினைத்து மலைத்துப் போகிறோம். "எத்தனை பிறவியின் பாவமோ, என்று தீருமோ" என்று எண்ணி எண்ணிச் சோர்கிறோம். எண்ணுவது நம் வேலை அன்று. குறைப்பதே நம் வேலை. குணநிலைகளில் ஏற ஏற, நிர்ஜரை முன்னிலும் அசங்கியாத மடங்கு மிகும் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதும் இதனையே வலியுறுத்தும். முதற் படிகளே கடினம். பின்னர் அதன் வேகம் தானே பெருகும்.

சினத்தையே எடுத்துக்கொள்வோம். கல்லில் கீறிய கோடு, மண்ணில் கீறிய கோடு, மணலில் கீறிய கோடு, நீரில் கீறிய கோடு எனச் சினத்தை ஆசாரியர் நான்காக வகுத்தனர். முதலாவது பிறவிகள் தோறும் தொடரும்; இரண்டாவது ஆறு திங்கள் அளவும் நிற்கும்; மூன்றாவது ஒரு பக்கம், அதாவது பதினைந்து நாள்; நான்காவது ஒரு முகூர்த்தத்திற்குள், நாற்பத்தெட்டு நிமிடத்திற்குள் அடங்கும். கல்லில் உள்ள கோட்டை ஒரே நாளில் நீரில் உள்ள கோடாக்க எவராலும் இயலாது. ஆண்டுக்கணக்கில் நின்ற சினத்தை இவ்வாண்டு பாதியாக்கலாம். அடுத்து அதிலும் பாதி. பாதியாக்குவோன் தோற்பதில்லை.

இதனைக் கூறியபோது பெரியவர் தலை கவிழ்ந்தார். ஊரில் உள்ள தம் தம்பியுடன், நிலப் பங்கீட்டின் பொருட்டு, அவர் பதினோர் ஆண்டுகளாகப் பேசுவதில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். இதற்கு மாறான கணக்கும் உண்டு என்பதை அங்கே சொல்லியிருந்தோம். ஒன்றில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டித்து வந்தால், தொண்ணூற்றாறாம் படியில் இருபத்தொன்பது தானமும் நிரம்பிவிடும். ஒரு வரப்பில் தொடங்கிய ஒரு சொல், இரு வீட்டாரும் மாறி மாறி இரட்டித்தால், இரு தலைமுறையை விழுங்கும்.

மூன்றாவதாக ஒரு பண்பு. இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் தொண்ணூற்றேழு உள்ளன: 1, 2, 4, 8 எனத் தொடங்கி இவ்வெண் வரை. இவ்வெண்ணை விடுத்து, அதனிற் சிறிய தொண்ணூற்றாறு வகுத்திகளையும் கூட்டினால் என்ன வரும்? இவ்வெண்ணுக்குச் சரியாக ஒன்று குறைவாக வரும். கூறுகள் எல்லாம் கூடியும் முழுமைக்கு ஒன்று போதவில்லை. நற்குடிப் பிறப்பு, கல்வி, செல்வம், கோயில், நூல், குரு என அனைத்தும் நமக்குக் கூடியிருக்கலாம். இருந்தும் ஒன்று போதாது. அந்த ஒன்று, நாமே செய்ய வேண்டிய முயற்சி. இஃது நாம் கூறும் உவமையே. ஆசாரியர் கூறியதாகக் கொள்ளற்க. எண்ணில் இல்லாத மந்திர ஆற்றலை அதில் ஏற்றி வழிபடுவதும் நம் நெறியன்று. இவ்வெண்ணை 3, 5, 7, 9, 13, 17 ஆகியவற்றுள் எதனால் வகுத்தாலும் மீதி 1 வருகிறது என்று இளைஞன் வியந்து காட்டினான். "11ஆல் வகுத்துப் பார்" என்றோம். மீதி 9 வந்தது. உண்மையை விரும்புவோர் தமக்கு இயைந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தல் ஆகாது.

ஆயினும் ஓர் ஒன்று உறுதியாக உண்டு. தொண்ணூற்றாறு முறை பாதியாக்கிய பின் எஞ்சுவது சுழியன்று; ஒன்று. கழிய வேண்டியவை எல்லாம் கழிந்த பின்னும் உயிர் அழிவதில்லை. தன் தூய நிலையில் தனித்து நிற்கும். பன்னிரு பாவனைகளுள் ஏகத்துவ பாவனை உணர்த்துவது இதுவே. பிறப்பும் தனியே, இறப்பும் தனியே, வினையின் பயனை நுகர்வதும் தனியே, வீடு பெறுவதும் தனியே. கோடாகோடிப் பேர் இருப்பினும் எனக்காக மற்றொருவர் நற்காட்சி பெற இயலாது.

இவ்வுண்மைக்கு நம் கொங்கு மண்ணிலேயே ஒரு சான்று உள்ளது. கோம்மடசாரம் எழுந்தது சாமுண்டராயர் பொருட்டு. சிரவணபெளகொளத்தில் 981ஆம் ஆண்டளவில் கோம்மடேசுவரர் திருமேனியை எடுப்பித்த கங்க நாட்டு அமைச்சர் அவர். அவருடைய சகோதரி புலியப்பை, பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊராகிய விஜயமங்கலத்தில், சல்லேகனை நோற்று உயிர் நீத்தார் என்று அங்குள்ள சந்திரப்பிரபர் கோயிலின் கல்வெட்டு கூறுகிறது. அண்ணன் எடுத்த திருமேனியைக் காண உலகமே செல்கிறது. தங்கையோ இக்கொங்கு நாட்டில் ஒரு கல்லின் ஓரத்தில் ஒரு பெயராக நிற்கிறார். ஆனால் நோன்பை அவர் தம் அண்ணனைக் கொண்டு நோற்கவில்லை, தாமே நோற்றார். ஆயிரம் ஆண்டு கழிந்தும் நாம் நினைந்து வணங்குவது அந்த ஒருவரைத்தான். அன்று கொங்கில் எத்தனை ஆயிரம் சமணர் இருந்தனர் என்பதை அன்று.

ஆகவே பெரியீர், எண்ணிக்கை சுருங்குகிறதே என்று வருந்த வேண்டா. விளக்கேற்ற ஆயிரவர் வேண்டுவதில்லை, ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருத்தல் வேண்டும்.

கூட்டம் கலைந்தபின் இளைஞன் தன் ஏட்டில் இருபத்தொன்பது இலக்கங்களையும் பெரிதாக எழுதிக் கொண்டான். "ஐயா, இரண்டரைத் தீவு பற்றி எனக்கு இன்னும் ஐயம் உண்டு" என்றான். "இருக்கட்டும் தம்பி, படித்துக்கொண்டே இரு, ஐயத்தை ஒளிக்காதே" என்று வாழ்த்தினோம். மறுநாட் காலையில் பெரியவர் தம் மகனை அழைத்து, ஊருக்குப் பேருந்தில் இடம் பதிவு செய்யச் சொன்னார் என்று கேள்வியுற்றோம். அவர் தம்பி கதவைத் திறந்தாரா என்பதை நாம் கேட்கவில்லை. முதற் பாதி அவரால் ஆகிவிட்டது.

அன்பர்களே! பர்வத்தின் முடிவில் க்ஷமாவணி நாள் வருகிறது. எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம் என்று வாயால் கூறுவது எளிது. அனந்தானந்த உயிர்களும் வந்து நம்மைக் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஒரே ஒருவரை நினைத்துக் கொள்வோம். அவர் பெயரைச் சொன்னால் நம் முகம் மாறும். அவர் வரும் தெருவில் நாம் செல்லோம். அவரிடம் செல்வோம். சினம் முழுதும் போகாவிடினும், பாதி போகட்டும்.

அறம் வளர்க! அருகன் திருவடி வெல்க!